ஊற்றாமல் விட்ட கான்கிரீட்

பசுமைக் கட்டடம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்திலேயே பேச்சு பொருள் பட்டியலுக்குப் போய்விடுகிறது. செங்கல் நல்லதா, ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கல்) நல்லதா, மண் பிளாக் தாங்குமா, கான்கிரீட்டே இல்லாமல் கட்ட முடியாதா. கட்டமைப்பு வரைபடம் போடுவது என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு எவ்வளவு தூரம்? பொருளைப் பற்றிக் கேட்டால் தூரத்தைக் கேட்கிறாரே என்று முழிப்பார்கள். ஆனால் அந்தக் கட்டடம் எவ்வளவு சிமெண்டை விழுங்கப்போகிறது என்பது, வரைபடத்தில் அந்த எண்ணை எழுதும்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

சிமெண்டைப் பற்றி முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சுட்டுத்தான் கிளிங்கர் எடுக்கிறார்கள், அதைக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். எரிபொருள் புகை ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லுக்குள்ளேயே கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். நாளைக்கே சூளை முழுவதையும் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் தயாராகிறது, மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் இந்த ஒரு தொழிலிலிருந்தே வருகிறது.

இதைப் படித்துவிட்டுக் கான்கிரீட்டை வில்லனாக்குவது சுலபம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரும்பு, அலுமினியம், கண்ணாடி எல்லாமே கான்கிரீட்டைவிட அதிகம் புகை தள்ளுகிற சரக்குகள். கான்கிரீட்டின் எடையில் சிமெண்ட் 10 முதல் 15 சதவீதம்தான், மீதி ஜல்லி, மணல், தண்ணீர். கொட்டுகிற அளவுதான் சிக்கல். எங்கேயும் கிடைக்கிறது, எந்த அச்சில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கிறது, அதனால் யோசிக்காமல் ஊற்றிவிடுகிறோம்.

சரி, தளத்துக்கு வருவோம். பல மாடிக் கட்டடத்தில் கான்கிரீட்டின் பெரும் பங்கு தளங்களில்தான் போகிறது. 4 மீட்டர் இடைவெளிக்குத் தொடர்ச்சியாகப் போகிற சாதாரண தளம் என்றால் சுமார் 150 மி.மீ. கனம் வைப்போம் (இடைவெளியை 26ஆலோ 28ஆலோ வகுத்துப் பார்ப்பது முதல் மதிப்பீடு). சதுர மீட்டருக்கு அது 360 கிலோ. அதே சதுர மீட்டரில் வீட்டு மனிதர்களும் அவர்களுடைய கட்டில், மேசை, பீரோவும் சேர்ந்து ஏற்றக்கூடிய பாரமாக விதிநூல்கள் எடுத்துக்கொள்ளச் சொல்வது சுமார் 200 கிலோ, நிஜத்தில் அதில் பாதி ஏறினாலே பெரிய விஷயம். ஆக அந்தத் தளம் நம்மைத் தாங்குவதைவிடத் தன்னையே தாங்கத்தான் அதிகம் உழைக்கிறது. இப்போது, நடுவில் தூணே வேண்டாம், ஹால் 8 மீட்டருக்கு விரிந்திருக்கட்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் கனம் 300 மி.மீ. பக்கம் போகும், சதுர மீட்டருக்கு 720 கிலோ. மேலே நடமாடப்போவது அதே ஆட்கள்தான். கூடின 360 கிலோவைக் கீழே இருக்கும் பீமும் தூணும் அஸ்திவாரமும் சுமந்தாக வேண்டும், அதனால் அவையும் தடிக்கும், கம்பியும் ஏறும். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பார்த்த வரையில் அப்படிப்பட்ட ஹால்களில் பாதிக்கு மேல், குடிவந்த கொஞ்ச காலத்தில் நடுவே ஒரு தடுப்போ பெரிய அலமாரியோ வந்து உட்கார்ந்துவிடும், தூண் வேண்டாம் என்று சண்டை போட்ட அதே இடத்தில்.

இடைவெளியைக் குறைக்கவே முடியாத இடங்களும் உண்டு. வகுப்பறை, கூட்ட அரங்கம், வாகனம் நிறுத்தும் தளம் இப்படி. அங்கே கேட்க வேண்டியது, இந்தத் தளத்துக்குள் எந்தக் கான்கிரீட் வேலை செய்கிறது, எது சும்மா படுத்திருக்கிறது என்று. தளம் வளையும்போது நடுப்பகுதியில் மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, அதனால்தான் கீழே கம்பி போடுகிறோம். கணக்குப் போடும்போது இழுபடுகிற பக்கத்துக் கான்கிரீட் விரிசல் விட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம், அதன் பலத்தைக் கூட்டலில் சேர்ப்பதே கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொள்ளவும், மேலையும் கீழையும் இணைக்கவும் கொஞ்சம் வேண்டும், மிச்சமெல்லாம் வெறும் பாரம். அடியில் வரிவரியாகவோ கட்டம் கட்டமாகவோ மட்டும் கான்கிரீட் விடுகிற ரிப் தளம், வாஃபிள் தளம், உள்ளே குழாய் போல வெற்றிடம் விட்டு வார்க்கிற ஹாலோ கோர் பலகை எல்லாமே இந்தப் பாரத்தை எடுத்துவிடுகிற வழிகள்தான். இதிலேயே எளிமையானது ஃபில்லர் ஸ்லாப்: கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டங்களில் ஓடு, மண்சட்டி மாதிரி லேசான எதையாவது வைத்து அதன் மேல் கான்கிரீட் போடுவது.

ஃபில்லர் ஸ்லாப் பற்றிப் படம் போட்டுப் பாராட்டி எழுதுகிறவர்கள் பலரும் சொல்லாமல் விடுகிற விஷயங்கள் இருக்கின்றன. சுவர், பீம் ஓரங்களில் ஒரு பட்டைக்கு ஓடு வைக்கக்கூடாது, அங்கே முழுக் கான்கிரீட்டாகவே இருக்க வேண்டும். தளத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கிற வெட்டு விசை அதிகமாக இருப்பது அங்கேதான், தளம் அடுத்த அறைக்கும் தொடர்கிறது என்றால் அந்த இடத்தில் மேல்பக்கம் இழுபட்டுக் கீழ்ப்பக்கம் அமுங்கும், கதையே தலைகீழ். ஓடுகளை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சைக் கான்கிரீட்டிலிருந்து அவை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வைப்ரேட்டர் விடும்போது ஓடு நகர்ந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் போகாது, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஆக ஊற்றும் நாளன்று ஓடுகளைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போனால் வளைவு. 1675இல் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்: இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி எந்த வடிவத்தில் தொங்குகிறதோ, அதைத் தலைகீழாக்கினால் அதுவே வளைவுக்குச் சரியான வடிவம். தொங்கும் சங்கிலியில் இழுவை மட்டும்தான் இருக்க முடியும், கவிழ்த்தால் அமுக்கம் மட்டும்தான் இருக்கும். அமுக்கம் மட்டும் என்றால் செங்கல்லுக்கும் கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் கொண்டாட்டம், கம்பிக்குப் பெரிய வேலை இல்லை. ரோமில் பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் ஒரு கம்பிகூட இல்லாமல் சுமார் 1900 ஆண்டுகளாக நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் கீழே கனமான கல்லையும் உச்சியில் பியூமிஸ் எனப்படும் நுரைக்கல்லையும் கலந்து, மேலே போகப்போகக் கனத்தையும் குறைத்திருக்கிறார்கள்.

உருகுவே நாட்டுப் பொறியாளர் எலாடியோ டியெஸ்தேவின் வேலைகளைப் பார்க்காதவர்கள் ஒருமுறை தேடிப் பாருங்கள். அட்லாண்டிடாவில் அவர் கட்டிய தேவாலயம் 1960இல் முடிந்தது, 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் செங்கல் சுவர்கள் நெளிநெளியாக இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் நெளிவின் காரணம் வேறு: நேராக நிற்கும் மெல்லிய சுவர் காற்றுக்குச் சாய்ந்துவிடும், அதையே நெளித்துவிட்டால் அதே செங்கலில் பல மடங்கு விறைப்பு வந்துவிடும். பொருளைக் கூட்டாமல் வடிவத்தால் பலம் தேடுவது இதுதான். வளைவுக் கூரையில் இரண்டு தொந்தரவுகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் அது சுவரை உதைத்துத் தள்ளும், அந்த உதைப்பைத் தாங்க இழுகம்பியோ தடித்த ஓரமோ வேண்டும். அப்புறம், நல்ல கை வேலை வேண்டும். கூலி உயர்ந்த இடங்களில் பொருளை மிச்சப்படுத்துவதைவிடக் கூலியை மிச்சப்படுத்துவதுதான் லாபம் என்று ஆகிவிட்டதால் தட்டைத் தளமே ஜெயிக்கிறது.

சுவர் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்குக்கூட முதலில் கான்கிரீட் தூண், பீம் என்று எலும்புக்கூடு எழுப்பிவிட்டு, பிறகு நடுவில் 230 மி.மீ. செங்கல் சுவரை அடைக்கிறார்கள். அந்தச் சுவர் அந்த வீட்டைத் தானே தாங்கிவிடும். ஓரளவு நல்ல செங்கல், ஒழுங்காகப் போட்ட அஸ்திவாரம், ஜன்னல்களை மேலும் கீழும் ஒரே வரிசையில் வைக்கிற பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும். தாங்கக்கூடிய சுவரைத் திரையாக்கிவிட்டு, தாங்குவதற்கென்று தனியாக இன்னொன்றைக் கட்டுவது இரண்டு முறை கட்டுவதுதான். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 1891இல் சிகாகோவில் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடக்குப் பாதி 16 மாடி, செங்கல் சுவர்தான் தாங்குகிறது, அடியில் அந்தச் சுவரின் கனம் சுமார் 1.8 மீட்டர். அந்த உயரத்துக்குத் தூணும் பீமும் சேர்ந்த சட்டகமே மேல். நான் சொல்வது குட்டி வீடுகளை.

நிலநடுக்கம் வந்தால் என்ற கேள்வி நியாயமானது, வெறும் செங்கல் சுவர் பக்கவாட்டு ஆட்டத்தில் மோசமாக உடையும். அதற்கு முழுச் சட்டகம்தான் விடை என்றில்லை. மெக்சிகோ, சிலி, பெரு நாடுகளில் பரவலாக இருக்கிற முறையில் சுவரை முதலில் கட்டிவிடுகிறார்கள், மூலைகளில் செங்கலைப் பல் பல்லாக நீட்டி விட்டு, அப்புறம் அந்த இடைவெளியில் ஒல்லியான தூணையும் மேலே பட்டையையும் வார்க்கிறார்கள். கான்கிரீட் அந்தப் பற்களுக்குள் போய்ப் பிடித்துக்கொள்வதால் சுவரும் தூணும் சேர்ந்து அசையும். பயன்படுத்துவது அதே செங்கல்லும் அதே கான்கிரீட்டும்தான், எதை முதலில் செய்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. ஆனால் சுவர் கட்டி முடித்த பிறகு அந்தத் தூணைத் தட்டி எடுக்கவோ, இஷ்டத்துக்குச் சுவரை உடைத்துக் கதவு வைக்கவோ கூடாது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கலவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் கூடினால் சுவர் பலமாகும் என்ற நம்பிக்கை கொத்தனாரிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோரிடமும் இருக்கிறது. ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 6இல் ஒரு சமன்பாடு உண்டு, சுவரின் பலத்தில் செங்கல்லின் பலத்துக்கு 0.7 அடுக்கும் கலவையின் பலத்துக்கு 0.3 அடுக்கும் கொடுத்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கலவையின் பலத்தை இரண்டு மடங்காக்கினால் சுவரின் பலம் 23 சதவீதம்தான் கூடும், செங்கல்லின் பலத்தை இரண்டு மடங்காக்கினால் 62 சதவீதம் கூடும். சின்ன வீட்டுக்கு அந்த 23 சதவீதமும் தேவைப்படாது. மாறாக, செங்கல்லைவிடக் கலவை கெட்டியாகிவிட்டால் சுவர் கொஞ்சம் அசையும்போது விரிசல் செங்கல்லைப் பிளந்துகொண்டு போகும். மென்மையான கலவையில் விரிசல் மூட்டோடு நின்றுவிடும், சுரண்டிப் பூசிவிடலாம். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற பழைய கலவை பெரும்பாலான சுவர்களுக்கு யதேஷ்டம். கரணையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பரவும், கொத்தனார்களுக்கும் அது பிடிக்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டின சுவரை இடித்தால் செங்கல் முழுசாகத் தனியாக வரும், தட்டித் துடைத்து மறுபடி கட்டலாம். கெட்டி சிமெண்ட் கலவையில் கட்டினது துண்டு துண்டாகத்தான் வரும், குழி நிரப்பத்தான் ஆகும்.

செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற ரேட் டிராப் பாண்ட் பற்றி நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைப் பரவலாக்கினார். செங்கல்லில் சுமார் நான்கில் ஒரு பங்கு மிச்சம், நடுவில் நிற்கிற காற்று வெப்பத்தையும் கொஞ்சம் தடுக்கும். மின்குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்யாமல் இதைத் தொடங்கக்கூடாது, பிறகு வெட்டினால் சுவர் ஓட்டையாகிவிடும். ஏஏசி பிளாக் பற்றி ஒரே வரி: லேசானது, அதனால் உயரமான கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் குறையும், தாழ்ந்த வீட்டில் அந்த லாபம் பெரிதாக வராது. 400 மி.மீ. நீள பிளாக்கில் கட்டுவதென்றால் அறை, கதவு, ஜன்னல் அளவுகளை 200இன் மடங்குகளில் போடுங்கள். 3.07 மீட்டர் சுவர் என்று வரைந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிளாக்கை வெட்ட வேண்டும், வெட்டின மிச்சம் குப்பைக்குப் போகும். கணினியில் ஒரு எண்ணை மாற்றுவதற்குச் சோம்பல்பட்டதால் வரும் குப்பை அது.

அப்புறம் ஆயுள். 30 ஆண்டில் இடிக்கிற கட்டடத்தை என்ன பசுமைப் பொருளில் கட்டி என்ன பயன்? கான்கிரீட் கட்டடம் சாவது பெரும்பாலும் கம்பி துருப்பிடித்துத்தான். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், பிஹெச் 12, 13 இருக்கும், அதற்குள் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வெளிப்புறத்திலிருந்து மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தை முறிக்கும். அது கம்பியைத் தொட்டுவிட்டால், கூடவே ஈரமும் இருந்தால், துரு ஆரம்பம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இந்த வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது 10 மி.மீ. போக 10 ஆண்டு என்றால் 20 மி.மீ. போக 40 ஆண்டு. கம்பிக்கு வெளியே 10 மி.மீ. கூடுதல் கான்கிரீட், நான்கு மடங்கு காலம். இதைக் காப்பாற்றுவது கம்பிக்கடியில் வைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை. கான்கிரீட் போடும் அன்று காலையில் போய்ப் பார்த்தால் பாதி கவர் பிளாக் கம்பிக்கடியிலிருந்து விலகிக் கிடக்கும், கம்பி மேல் ஆட்கள் நடந்து நடந்து அது சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தச் சொன்னால் லாரி வந்து நிற்கிறது என்பார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தை முடிவு செய்கிறது என்று அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918இலேயே எழுதிவிட்டார். ஒரு கன மீட்டரில் 350 கிலோ சிமெண்ட், விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சுமார் 158 லிட்டர். கான்கிரீட் ஓடமாட்டேன் என்கிறது என்று யாரோ இரண்டு வாளி தண்ணீரைச் சேர்க்கிறார், 35 லிட்டர். விகிதம் 0.55 ஆகிவிட்டது, பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, உள்ளே நுண்துளைகள் கூடி வாயு நுழைய வழியும் ஆயிற்று. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் எங்களில் பலர் தேவைக்கு ஒரு படி மேலான கிரேடை எழுதி வைக்கிறோம். வேலை நடக்கும் இடத்தின் மேல் நம்பிக்கை இல்லாததற்கு விலை அத்தனை கன மீட்டரிலும் கூடுதல் சிமெண்ட். பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் அதே தண்ணீரில் ஓடும், மேலே ஒரு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஈரம் காக்கச் சாக்குப்பையை நனைத்துப் போட்டதைப் பசுமைக் கட்டடம் என்று யாரும் பெருமை பேசுவதில்லை.

சிமெண்டையே மாற்றுவது பற்றி. இரும்பு ஆலைக் கசடு, நிலக்கரிச் சாம்பல் இரண்டும் நல்லவை, ஆனால் நிலக்கரி ஆலைகள் மூடப்பட மூடப்படச் சாம்பல் குறையும். எனக்கு நம்பிக்கை தருவது எல்சி3 என்ற புது வகைச் சிமெண்ட். கிளிங்கர் பாதிதான், சுட்ட களிமண் 30 சதவீதம், அரைத்த சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 700, 800 டிகிரி போதும், அந்த 15 சதவீதக் கல்லைச் சுடுவதே இல்லை. வழக்கமான சிமெண்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும். கசடும் சாம்பலும் சேர்ந்த கான்கிரீட் மெதுவாகப் பலம் ஏறும், 28 நாளில் முழுப் பலம் காட்டு என்று கேட்டால் தோற்கும், கேட்பவர் மறுபடி சிமெண்டைக் கூட்டுவார். அஸ்திவாரத்துக்கு முழுப் பாரம் வர மாதங்கள் ஆகும். அங்கே 56 நாள், 90 நாள் பலத்தைக் கேட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? வரைபடக் குறிப்பில் ஒரு வரி மாற்றம்.

தடித்த சுவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், அது பாதி உண்மை. பகலில் வாங்கின சூட்டைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கும். இரவு குளிர்ந்த காற்று வீசுகிற இடத்தில் ஜன்னலைத் திறந்து அந்தச் சூட்டை வெளியேற்றிவிடலாம். இரவும் புழுங்குகிற இடத்தில் அது படுக்கையறையில்தான் இறங்கும், அங்கே நிழலும் காற்றோட்டமும் லேசான சுவருமே மேல். குளிர் நாடுகளில் காப்புப் பொருளைச் சுவருக்கு வெளியே போட வேண்டும், உள்ளே போட்டால் சுவரின் கனம் வீட்டுக்கு உதவாது.

இடித்த கான்கிரீட்டை அரைத்து ஜல்லியாக்குவது நல்லதுதான், ஆனால் மிச்சமாவது ஜல்லி, சிமெண்ட் இல்லை. சிமெண்ட் ஏற்கெனவே செலவான செலவு. அதைக் காப்பாற்ற ஒரே வழி இருக்கிற சட்டகத்தை நிற்கவைப்பது. பழைய கட்டடம் ஒன்றை என்ன செய்யலாம் என்று கேட்டு வந்தால் முதலில் கம்பி இருக்கும் ஆழம் வரை சின்னதாகக் குடைந்து, புது உடைப்பில் பினாப்தலீன் தெளித்துப் பார்ப்போம். காரம் மிச்சமிருக்கும் பகுதி ரோஸ் நிறமாகும், முறிந்துபோன வெளிப்பட்டை நிறம் மாறாது. ரோஸ் நிறத்துக்குள் கம்பி இருக்கிறதென்றால் அந்தக் கட்டடத்துக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது, அறிக்கையில் அப்படியே எழுதிக் கொடுப்பேன். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள். காரணம் பலம் போதவில்லை என்பதாக இருப்பது அபூர்வம்: கூரை உயரம் போதவில்லை, வண்டி நிறுத்த இடம் போதவில்லை, பக்கத்துக் கட்டடம் நான்கு மாடி கூடுதலாக இருக்கிறது. கட்டமைப்புக் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை, அதனால் அந்த வாதத்தில் நான் பெரும்பாலும் தோற்றுவிடுகிறேன்.